கண்ணாடித் தொட்டி எத்தனை மீன் தாங்கும்

மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சாப்பாட்டுக்கடை ஒன்று. அதை எவனோ கொளுத்திவிட்ட பிறகு, அதே சாம்பல்மேல் செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக இன்னொன்று. கடைக்குப் பின்னால் செம்புறாங்கல்லை உடைத்து இறங்கிய கிணறு. என்னோடு இறங்கியவன் கல் விழுந்து கால் நசுங்கி ஊருக்குக் கப்பலேறினான். நான் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் மேலே ஏறினேன். ரயில்வே வேலைக்கு வந்த ஒண்டிக்கட்டைகள் படுக்க ஒரு மேல்தட்டு. தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல். காற்று அதை இரண்டு முறை சாய்த்தது, இரண்டு முறையும் நிமிர்த்தியவன் நான். அதற்கெல்லாம் முன்னால் கேரி தீவுத் தோட்டத்தில் கடல் தண்ணீரை மறித்துப் போட்ட மண் வரப்பு. அதில் என் தோளும் இருக்கிறது, என் முதுகுத் தோலும் இருக்கிறது. அங்கே வாங்கிய பிரம்படித் தழும்பு மழை நாளில் இன்றைக்கும் அரிக்கும்.

இத்தனையும் பள்ளிக்கூடத்துப் படியை மிதிக்காதவன் செய்தது. எனக்கு எழுத்து வந்தது அரிசி மூட்டையிலும் எண்ணெய்த் தகரத்திலும் ஒட்டியிருந்த காகிதத்தைக் கூட்டிப் பார்த்து. அதனால் தப்பு இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் தப்பு இருக்காது.

இப்போது சொல்லவந்தது கண்ணாடித் தொட்டி சங்கதி. இந்த வட்டாரத்தில் கண்ணாடித் தொட்டியில் மீன் விட்ட முதல் தமிழன் நான். அழகுக்காக விடவில்லை. என் கடையில் கொலை விழாமல் இருக்க விட்டேன்.

பசியோடு காத்திருக்கிற ஆம்பிளைகள் எப்படிப்பட்டவர்கள் என்று கடை வைத்தவனுக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் செங்கல் சூளை ஆட்கள், கையெல்லாம் வெந்து காய்ந்தவர்கள். இன்னொரு பக்கம் ரயில்வே பட்டறை ஆட்கள், சுத்தியல் அடித்து அடித்துக் காது மந்தமானவர்கள். முதல் பந்தியில் யார் உட்காருவது என்பதில் தினமும் தகராறு. ஒருநாள் சூளைக்காரன் ஒருவன் பட்டறைக்காரன் காதைக் கடித்துத் துப்பிவிட்டான். எங்கள் பண்டாரி அதை எச்சில் இலையோடு சேர்த்துக் கூட்டி வெளியே தள்ளினார். பண்டாரி என்றால் சமையல்காரர், கப்பலில் சமைத்துப் பழகியவர்களை அப்படித்தான் அழைப்போம். வாய் கெட்டவர், கைமணம் உள்ளவர். சோற்றுக் கரண்டியால் எத்தனையோ மண்டையை உடைத்திருக்கிறார்.

அந்தக் காது போன மறுவாரம் நான் யோசித்தேன். கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தால் கை சும்மா இருக்கும். பட்டறையில் கழித்துப்போட்ட கோண இரும்பை எடுத்துச் சட்டம் கட்டினேன். பழைய ரயில் பெட்டியின் ஜன்னல் கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். சுண்ணாம்புப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்து, மூலையெல்லாம் அடைத்து ஒருவாரம் காயவிட்டேன். வாசல் தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. தொட்டியை வைக்க வேறு இடம் இல்லை. அதனால் தொட்டி ஒடுக்கமாக, நின்ற வாக்கில், இடுப்பு உயரத்துக்கு வந்தது. மேல் வாய் ஒரு முழம்கூட இல்லை. நான் முதலில் விட்ட சில சின்னக் கெண்டைகளுக்கு அது தாராளம். அதை யாரும் மறுக்க முடியாது.

வேலை செய்தது. கை கழுவிவிட்டு வந்தவன் தொட்டி முன்னால் நின்றான். முதல் பந்தியைப் பற்றிக் கேட்க மறந்தான். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு அவர்களே மீன் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சோறு போடும் வீட்டுக்கோ கடைக்கோ ஒருவன் கையில் ஒன்றைக் கொண்டுவந்தால், அதை வாசலில் வைத்துத் திருப்பக்கூடாது. வாழைப்பூவானாலும் சரி, வெட்டிய விறகானாலும் சரி. திருப்பினால் அவன் கையைத் தட்டிவிட்டதாக அர்த்தம், பிறகு கத்திதான் பேசும். ஈயம் தோண்டிவிட்ட, லொம்போங் என்கிற பழைய குட்டைகளில் ஞாயிற்றுக்கிழமை முழுகிப் பிடித்த மீனைத் தகரக் குவளையில் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் எப்படி வேண்டாமென்று சொல்வது? செப்பாட் என்கிற சப்பை மீன் வந்தது. மலாய்க்காரர் புயு என்றும் நம்மவர் பனையேறி என்றும் சொல்லும் கறுப்பு மீன் வந்தது. கெளுத்தி வந்தது. விரல் நீள விரால் குஞ்சு ஒன்று வந்தது, அது சீக்கிரமே கை நீளம் ஆயிற்று. மீன் வளரும் என்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. கொண்டுவந்த அன்றைக்கு இருந்த உடம்பைத்தான் பார்ப்பார்கள்.

தொட்டிக்குள் ரத்தக்களறி. ஒரு மீன் திரும்பினால் இன்னொன்றின் விலாவில் இடிக்கும். இடிபட்டது கடிக்கும். விரால் அடியில் கிடந்தபடி மற்ற மீன்களின் கண்ணாகப் பார்த்துப் பிடுங்கியது. ஒற்றைக் கண் செப்பாட்டும், வால் வேரோடு போன கெண்டையும், முதுகுச் செதில் உரிந்து பஞ்சு பூத்ததுமாகச் சுற்றின. செத்ததைக் காலையில் பண்டாரி இடுக்கியால் எடுத்து அடுப்பில் எறிவார்.

"மொதலாளி, இதுல என் மீன் எது தெரியுதா? வாலு கிழிஞ்சவன்," என்றான் ஒரு சூளைக்காரன்.

"எல்லாத்துக்கும் வாலு கிழிஞ்சுதான்டா இருக்கு," என்றார் பண்டாரி. "ஒன் மூஞ்சி மாதிரி எது இருக்கோ அதுதான் ஒன்னுது."

"கூட்டமாயிருச்சு," என்று நானே சொன்னேன். "இனிமே கொண்டாராதீங்க."

அவர்கள் சிரித்தார்கள். சூளை ஆட்கள் நாள் முழுக்கச் செங்கல் அடுக்குகிறவர்கள். அவர்கள் கண்ணுக்கு இடம் என்றால் உயரம். தரையில் இடமில்லையென்றால் மேலே அடுக்கு, அவ்வளவுதான். படுப்பதும் அப்படித்தான், ஒரு பலகைக்கு மேல் இன்னொரு பலகை. "ஒசத்துனா எடம் வந்துரும் அண்ணே," என்று சொல்லி, நான் கிள்ளானுக்குச் சாமான் எடுக்கப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களே சட்டத்தை உயர்த்தி, மேலே இன்னொரு வரிசைக் கண்ணாடி பொருத்திவிட்டார்கள். பூனை வாய் வைக்கிறது என்று மேல்வாயைப் பலகை போட்டு மூடியும் விட்டார்கள். நான் திரும்பி வந்தபோது தொட்டி என் நெஞ்சு உயரம். தண்ணீர் கூடியிருந்தது, மீனும் அதற்குமேல் கூடியிருந்தது. வாய் மட்டும் அதே ஒரு முழம். அதிலும் பலகை.

இந்தச் சமயத்தில்தான் மண்டோர் தங்கமீனோடு வந்தார்.

மண்டோர் என்றால் ஆட்களை மேய்க்கிற தலைவன். இவர் சூளையிலிருந்து கல் ஏற்றும் மாட்டுவண்டிகளுக்கு மண்டோர். ஆறடி ஆள். இடுப்பு வாரில் எப்போதும் ஒரு கடையாணி செருகியிருப்பார். வண்டிச் சக்கரம் கழன்றுவிடாமல் அச்சில் அடிக்கிற இரும்பு முளைதான், ஆனால் அவர் அதை அச்சில் அடித்து நான் பார்த்ததில்லை. படுத்துக்கொண்டு எழமாட்டேன் என்ற மாட்டை நெற்றியில் ஒரே போடாகப் போட்டுக் கொன்றதை ரோட்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். அப்புறம் அந்த மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததையும் பார்த்தோம்.

அவர் மனைவிக்கு அப்போது நிறைமாதம். முந்திப் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. பாசார் என்கிற சந்தையில் மீன் விற்கும் சீனர் ஒருவர், ஓர் உயிரை வாங்கிக் காப்பாற்றித் தண்ணீரில் விட்டால் வீட்டு உயிர் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். மாமியார் அதோடு மஞ்சள் துணியும் கோயில் குளமும் சேர்த்திருக்கிறார். பிள்ளை பிறக்கும்வரை தங்கமீன் உயிரோடு இருக்க வேண்டும், பிறந்ததும் குளத்தில் விட வேண்டும். வேண்டுதல் அதுதான்.

"வீட்டுல வச்சா பூனை. ஒன் தொட்டிலயே இருக்கட்டும்," என்றார்.

"மண்டோரே, இதுல எடமில்ல. வேற பாத்திரத்துல வைப்போம்."

"அம்மாம் ஒசரம் இருக்கு, எடமில்லங்கிற?" என்று சொல்லி, அவரே பலகையை விலக்கி மீனை உள்ளே விட்டார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிப் பண்டாரியைப் பார்த்தார். அதற்கு முந்தின மாதம் பண்டாரி அவருடைய வண்டிக்காரன் ஒருவனைக் கரண்டியால் அடித்துப் பல்லைப் பெயர்த்திருந்தார். "கெழவா, இது செத்தா நீ செத்த."

"மீனுக்குச் சோறு போடறது நானா?" என்றார் பண்டாரி. "மனுஷனுக்குப் போட்டே கை ஓஞ்சு போச்சு."

நான் மீனைக் கவனித்துவந்தேன். கூட்டம் அதிகமா இல்லையா என்பதை எப்போது பார்க்க வேண்டும் தெரியுமா? விடிகிற நேரத்தில். பகலில் எல்லா மீனும் நன்றாகத்தான் இருக்கும், வெளிச்சத்தில் ஓடும். ராத்திரி முழுக்க ஒரே தண்ணீரை மாற்றி மாற்றி மூச்சு இழுத்த பிறகு, கதவைத் திறக்கும்போது எங்கே நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். என் தொட்டியில் அத்தனையும் மேலே வந்து, மூக்கைத் தண்ணீர் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடும். பலகையை எடுத்தால் கெட்டுப்போன கஞ்சி வாடை. நான் தினமும் பலகையை எடுத்து வைத்தேன், யாரோ தினமும் திரும்ப மூடினார்கள். தண்ணீரை மாற்றினேன், மறுநாளே அதே கதை.

மழை விட்டுக் காற்றே இல்லாமல் புழுங்கிய ஒரு காலை. பசியாற வந்த ஆட்கள் வாசலில் நின்றிருந்தார்கள். கதவைத் திறந்தால் தொட்டியில் பாதிக்குப் பாதி வெள்ளை வயிறு. கெண்டைகள் செத்திருந்தன. செப்பாட்டில் சில நடுங்கிக்கொண்டிருந்தன. தங்கமீன் ஒருக்களித்து மிதந்தது, வாய் மட்டும் அசைந்தது. கறுப்புப் பனையேறிகள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் செத்ததைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. முந்தின நாள் சாயங்காலம் பண்டாரி தொட்டிக் கண்ணாடியை வெளிப்புறம் சாம்பல் போட்டுத் துடைத்திருந்தார். சாம்பல் தடம் கண்ணாடியில் இன்னும் தெரிந்தது.

மண்டோர் வந்தார். மீனைப் பார்த்தார். சாம்பலைத் தொட்டு மோந்து பார்த்தார். நேரே அடுக்களைக்குள் போனார்.

நான் பின்னால் ஓடுவதற்குள் பண்டாரியின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் இரண்டு மோது மோதியிருந்தார். பண்டாரி கொதிக்கிற ரசத்தைக் கரண்டியோடு அவர்மேல் வீசினார். கழுத்தில் பட்டுத் தோல் வெளுத்தது. மண்டோர் அதைத் துடைக்கக்கூட இல்லை. கிழவரை முழங்காலால் அமுக்கி, வலது கையை இழுத்து அம்மிமேல் விரித்தார். கடையாணி இறங்கியது. ஒரே அடியில் இரண்டு விரல். அந்தச் சத்தம் கரும்பு ஒடிகிற மாதிரி இருந்தது.

"சாம்பத் தண்ணி ஊத்துனியா? சொல்லு. எம்புள்ளய கொன்னுட்டியே. சொல்லுடா."

"அய்யோ, வெளியதான்யா தொடச்சேன், வெளியதான்," என்று பண்டாரி கதறினார்.

நான் விறகுக்கட்டையால் மண்டோரின் முதுகில் போட்டேன். கட்டைதான் உடைந்தது. அவர் புறங்கையால் ஒரு வீசு வீசினார். என் முன்பல் இரண்டும் அன்றைக்குப் போனவைதான். நான் விழவில்லை. கேரி தீவில் இதைவிட வாங்கியிருக்கிறேன். அவருடைய வண்டிக்காரர்கள் உள்ளே நுழைந்து என்னைப் பிடித்தார்கள், பட்டறை ஆட்கள் அவர்களைப் பிடித்தார்கள். கடையாணி மறுபடியும் உயர்ந்தது. கிழவரை அந்த அம்மியிலேயே முடித்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

வாயில் ரத்தத்தோடு நான் சொன்னேன்: "மண்டோரே, மீன் இன்னும் சாகல. இவரக் கொன்னா அது பொழைக்காது. என்னைய விட்டா பொழைக்கும்."

கை நின்றது.

"வெசம் வச்ச தண்ணில எப்படிப் பொழைக்கும்?"

"வெசமில்ல. நெருக்கம்."

"நெருக்கம்னா அந்தக் கறுப்பு மீனு மட்டும் எப்படி ஆடுது? நெருக்கம்னா எல்லாம் சாகணுமில்ல?"

படித்தவன்கூட இந்த இடத்தில் வாயடைத்துப் போயிருப்பான். எனக்குப் பதில் தெரியும். கேரி தீவில் ஓடை வெட்டும்போது பார்த்திருக்கிறேன். தண்ணீர் வற்றினால் பனையேறி சேற்றில் நடந்து போகும், வாயால் காற்றைக் குடித்துக்கொள்ளும். விராலும் அப்படித்தான். அவை உயிரோடு இருப்பதை வைத்துத் தொட்டியில் இடம் இருக்கிறது என்று சொல்வது, பூட்டிய அறைக்குள் ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்திருப்பவனைப் பார்த்து அறைக்குள் காற்று இருக்கிறது என்று சொல்வதுபோல. தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடுகிற மீனைப் பார்க்க வேண்டும். தங்கமீன்தான் சரியான சாட்சி. இன்னொன்றும் அங்கேயே கற்றேன். பிடித்த மீனைக் குடத்தில் போட்டால் குடிசைக்கு வருமுன் சாகும். அதே தண்ணீரோடு அதே மீனை அகலத் தட்டில் போட்டால் ராத்திரிவரை கிடக்கும். மீனுக்கு இடம் என்பது ஆழத்தில் இல்லை. தண்ணீர் எவ்வளவு அகலமாக வானத்தைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது.

இத்தனையையும் அப்போது சொல்ல நேரமில்லை. சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். "சோறு ஆத்துற தாம்பாளத்த எடுங்க," என்றேன். "தண்ணிய நான் தொடமாட்டேன். நீங்களே தொட்டிலேருந்து மொண்டு ஊத்துங்க. இதே தண்ணி. வெசமிருந்தா தட்டுலயும் சாகும்."

"செத்தா?"

"இவர் கைய விடுங்க. எங்கைய வைக்கறேன்."

மண்டோர் சிரித்தார். கழுத்துக் கொப்புளம் சிரிப்பில் உடைந்து நீர் வடிந்தது. "எந்தக் கை மொதலாளி? திங்கற கையா, கழுவுற கையா?"

"எது ஒங்களுக்கு ராசியோ அது."

பண்டாரியை இழுத்து ஒருபக்கம் போட்டார்கள். அவருடைய ரத்தம் அம்மியில் சூடாக இருந்தது, அதன்மேல் என் வலது கையை வைத்தேன். ஒரு வண்டிக்காரன் என் மணிக்கட்டில் ஏறி மிதித்துக்கொண்டான். மண்டோர் தன் கையாலேயே தொட்டித் தண்ணீரை மொண்டு பித்தளைத் தாம்பாளத்தில் ஊற்றினார். நாலு விரல் ஆழம்தான் வந்தது. தங்கமீனை உள்ளங்கையில் ஏந்தி அதில் விட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கடையாணியை என் விரல்களுக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

மீன் ஒருக்களித்தே கிடந்தது.

"செத்துருச்சு மண்டோரே, போடுங்க," என்றான் ஒருவன்.

"ஒங்கப்பன் கைன்னா அவசரப்படுவியா?" என்று மூலையிலிருந்து பண்டாரி முனகினார். விரல் ஒடிந்தும் வாய் ஒடியவில்லை.

மண்டோர் தட்டையே பார்த்தார். இரும்பின் நுனி என் நகத்தில் உரசியது. மணிக்கட்டு மரத்துப் போயிற்று. நான் கண்ணை மூடவில்லை. மூடினேன் என்று எவனாவது சொல்லியிருந்தால் பொய். மீனின் செவுள் கத்திப் புண்போல் சிவந்து விரிந்து விரிந்து மூடியது. பிறகு பக்கத்துத் துடுப்பு ஒன்று துடித்தது. இன்னொன்று துடித்தது. மெல்ல நிமிர்ந்தது, சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. மேலே வாயைப் பிளப்பதை நிறுத்தித் தட்டின் அடிக்கு இறங்கியது. செவுள் அசைவு நிதானப்பட்டது. தட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

மண்டோர் கடையாணியைக் கீழே வைத்தார். என் கைமேலிருந்த காலை ஒரு உதையில் தள்ளினார். அந்த வண்டிக்காரன் அடுப்பில் போய் விழுந்தான்.

அதோடு முடிந்ததென்றால் நன்றாக இருக்கும். முடியவில்லை. தட்டில் விட்டால் பிழைக்கும் என்பதை அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொருவனுக்கும் தன் மீன் பிழைக்க வேண்டும். ஒருவன் தொட்டியில் கை விட்டு அள்ளித் தாம்பாளத்தில் போட்டான். இன்னொருவன் அதைப் பிடித்து வெளியே எறிந்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டான். சூளைக்காரன் பட்டறைக்காரன் கழுத்தைப் பிடித்தான். யாரோ விராலையும் அள்ளிப் போட வந்தான். தொட்டியில் செய்த அதே வேலையைத் தட்டிலும் செய்கிறார்கள், கண்ணெதிரே பார்த்தும் புத்தி வரவில்லை. நான் தாம்பாளத்தைத் தூக்கித் தலைக்குமேல் வைத்துக்கொண்டேன்.

அடித்தார்கள். விலாவில் அடித்தார்கள், முழங்காலில் அடித்தார்கள். யாரோ வயிற்றில் குத்தினான். நான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன், இரண்டு கையும் மேலே. ஒரு அடியைக்கூடத் தடுக்க முடியாது. தடுக்கக் கையை இறக்கினால் மீன் போயிற்று, மீன் போனால் பண்டாரி போனார், அப்புறம் நானும் போனேன். தள்ளுமுள்ளில் தொட்டி சாய்ந்தது. நெஞ்சு உயரத் தண்ணீரும் கண்ணாடியும் வெடித்துத் தரையெல்லாம் பரவின. வெறுங்கால் ஆட்கள் கண்ணாடிமேல் கட்டிப்புரண்டார்கள். கெளுத்தி முள் ஒருவன் குதிகாலில் ஏறி மறுபக்கம் வந்தது. விரால் அடுப்புச் சாம்பலில் துள்ளித் துள்ளி வெந்தது. தண்ணீர் சிவந்து வாசல் வழியே ரோட்டுக்கு ஓடியது.

கடைசியில் மண்டோர்தான் என் முன்னால் வந்து நின்று வழி பண்ணினார். தன் ஆட்களையே அடித்தார். ஒருவன் தோள் எலும்பு இறங்கியது. "மொதலாளிய தொட்டவன் செத்தான்," என்றார். அதை அவர் கொஞ்சம் முன்னமே சொல்லியிருக்கலாம்.

தங்கமீனோடு அந்தத் தாம்பாளம் மண்டோர் வீட்டுக்குப் போனது. பிள்ளை பிறந்தது, பெண். உயிரோடு பிறந்து உயிரோடு வளர்ந்தது. மீனை மேளத்தோடு கொண்டுபோய்க் குளத்தில் விட்டார். மீனால்தான் பிள்ளை என்று நான் சொல்லமாட்டேன். மீன் செத்திருந்தால் பண்டாரி செத்திருப்பார், அது மட்டும் எனக்குத் தெரியும்.

பண்டாரியின் இரண்டு விரலும் கோணலாகவே கூடின. இடது கையால் சமைக்கப் பழகினார். கரண்டியடி மட்டும் முன்னைவிடத் துல்லியமாயிற்று. "ஒங்க தொட்டியாலதான் எங்கை போச்சு," என்று சாகிறவரைக்கும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன்: தொட்டி என் வேலை, கூட்டம் அவர்கள் வேலை. அவர் ஒத்துக்கொண்டதில்லை.

அடுத்த தொட்டியை நான் பந்தியில் நாலு இலை இடத்தைக் குறைத்து, சுவரோடு ஒட்டி அகலமாகக் கட்டினேன். முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மற்றது சிமெண்டு. ஆழம் ஒரு சாண், வாய் ஒரு கட்டில் அளவு, மேலே பலகைக்குப் பதில் கம்பி வலை. மீன் கொண்டுவந்தவனைத் திருப்பவில்லை. வாங்கி, வாசலிலேயே ஒரு அகலத் தட்டில் விட்டு, "இன்னிக்கு இது இங்க, நாளைக்கு லொம்போங்குல" என்று சொன்னேன். வழக்கமும் மீறவில்லை, மீனும் சாகவில்லை. அதற்குப் பிறகு எத்தனை மீன் தாங்கும் என்று கேட்டவனுக்கெல்லாம் ஒரே பதில்தான். பெரியதானால் எவ்வளவு நீளம் வரும் என்று நினைத்து எண்ணு. ஒரு மீன் இன்னொன்றை இடிக்காமல் திரும்புகிறதா பார். துடுப்பு ஓரம் முழுசாக இருக்கிறதா பார். விடியலில் வந்து, வலியதைப் பார்க்காதே, எளியதைப் பார். அது மேலே வந்து வாயைப் பிளந்தால் உன் தொட்டி நிறைந்து முந்தின நாளே வழிந்துவிட்டது.

இன்றைக்கு இந்தத் தெருவில் முடிதிருத்தும் கடையிலும் தையல் கடையிலும் அகலத் தொட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டால், சீனர் சொல்லிக்கொடுத்தது என்கிறான் ஒருவன். துரை வீட்டில் பார்த்தது என்கிறான் இன்னொருவன். மண்டோர் தன் பேரப்பிள்ளைகளிடம், தானே யோசித்து மீனைத் தட்டில் விட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். என்னையும் பண்டாரியையும் அந்தக் கதையில் காணோம். போன வாரம் என் கடையிலேயே உட்கார்ந்து என்னிடமே அப்படி ஒருவன் சொன்னான். அவன் இலையை எடுத்துவிட்டேன்.

தண்ணீரை மொண்டது மண்டோர், அதை நான் மறுக்கவில்லை. மொள்ளச் சொன்னவன் யார்? அம்மியில் கை வைத்தவன் யார்? விலா எலும்பு விரியத் தட்டைத் தலைக்குமேல் பிடித்து நின்றவன் யார்? எனக்குச் சிலை வேண்டாம், மாலை வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் இந்தச் சங்கதியைச் சொல்கிறவன், ஒரு கிழவர் விரலைக் கொடுத்தார் என்று சொல்லட்டும். அதற்கு அடுத்த வரியில், படிக்காத கடைக்காரன் ஒருவன் தன் கையைப் பந்தயம் வைத்து அவரையும் மீனையும் மீட்டான் என்று சொல்லட்டும். மண்டோர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவரே என் கடை வாசலுக்கு வந்து, நாலு பேர் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். அதற்குக் குறைந்து ஒத்துக்கொள்ள மாட்டேன்.